தேங்காய் உடைத்தாயிற்றா?

எங்கள் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். தேங்காய் உடைத்த பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது.

கோயம்புத்தூரில் சரவணம்பட்டிப் பக்கம் மூன்று மாடிக் கட்டடம். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளை வைக்கிற கண்ணாடிப் பெட்டி, இன்குபேட்டர் என்பார்களே, அதற்குள் ஓடும் மென்பொருளை எழுதுவது எங்கள் பிழைப்பு. பெட்டியை வேறு யாரோ செய்வார்கள், மூளை வைப்பது நாங்கள். உள்ளே இருக்கும் குழந்தை குளிர்ந்தால் பெட்டி சூடேற்ற வேண்டும். கைமீறிப் போனால் கத்த வேண்டும். இந்த இரண்டுதான் அதன் வேலை.

என் பெயர் தண்டபாணி. என் வேலைக்குச் செயல்முறை மேம்பாடு என்று பெயர். மற்றவர்கள் வேலை செய்கிற விதத்தைப் பார்த்து, அதை இன்னும் ஒழுங்காகச் செய்யச் சொல்கிற உத்தியோகம். எந்த ஆபீஸிலும் இப்படிப்பட்டவனை யாருக்கும் பிடிக்காது. கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு சட்டென்று மழை, வெயில் என்று திரும்பிவிடும்.

ஒவ்வொரு புதிய ரிலீஸ் அன்றும் கீழே வரவேற்பறையில் பூஜை நடக்கும். முதலாளி நாச்சிமுத்து சார் தன் கையாலேயே தேங்காய் உடைப்பார். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் எல்லோரும் வந்து நிற்பார்கள், தொன்னையில் சூடாகப் பொங்கல் வரும். நான் சேர்வதற்கு முன்பு ஒரு தடவை, தேங்காய் உடைத்த கையோடு ஒரு பையன், நேற்று சோதிக்கும்போது சூடு ஏறாமல் நின்றுபோனது என்று சொல்லிவிட்டானாம். அன்று மத்தியானம் டாக்டர்கள் கண்ணெதிரே அது அப்படியே நின்றது. நாச்சிமுத்து சாரைப் பொறுத்தவரை தப்பு மென்பொருளில் இல்லை, அந்தப் பையனின் வாயில் இருந்தது. அவர் அவனைத் திட்டவில்லை. முகம் வாடிப்போய் மாடிக்குப் போய்விட்டார். ஆறு மாதத்தில் பையன் தானாகவே வேறு வேலை தேடிக்கொண்டான். அதன் பிறகு யாருக்கும் எதையும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். எல்லோருடைய அப்பா அம்மா பெயரும் அவருக்குத் தெரியும். அந்த முகம் வாடுவதைப் பார்க்க எங்களில் யாருக்கும் மனசு வராது. பயந்து வாயை மூடியிருந்தால் தைரியம் சொல்லித் திறக்க வைக்கலாம். பாசத்தில் மூடிய வாயை என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் சுவரில் இருக்கும் பெரிய திரையில் ஒவ்வொரு குழுவும் தன் வேலைக்குப் பச்சையோ சிவப்போ போட வேண்டும். சிவப்பை நான் கண்ணால் பார்த்ததில்லை. இந்த வாரம் நிலைமை மோசமென்றால், போன வாரத்துப் பச்சையையே மறுபடி போட்டுவிடுவார்கள்.

இந்த நிலைமையில்தான் வாத்தியார் வந்தது. பதினோரு வருடத்துப் பதிவுகளையெல்லாம் படித்து, எல்லாக் கூட்டங்களிலும் காதை வைத்துக் கேட்டு, எங்கே எதை மாற்றினால் வேலை செம்மைப்படும் என்று தானே சொல்கிற இயந்திரம். அதன் நிஜப் பெயர் நீளமானது, எல்லோரையும் திருத்துகிறதே என்று நாங்கள் வைத்த பெயர் வாத்தியார். எனக்கு அது வந்ததில் ரொம்ப சந்தோஷம். வாயைத் திறங்கள், வாயைத் திறங்கள் என்று நான் கரடியாகக் கத்தியும் ஒருவரும் கேட்கவில்லை. இயந்திரம் சொன்னால் கேட்பார்கள் என்று நம்பினேன்.

முதல் கூட்டத்தில் மேலேயிருந்து அதன் குரல் வந்தது. ஆண் குரலா பெண் குரலா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு மெல்லிய குரல்.

"பிழைகளைப் பற்றி ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். தேங்காய் உடைத்த நேரத்திலிருந்து பிழைகள் நின்றுவிடுகின்றன. இது ஒருமுறைகூடத் தவறவில்லை. அடுத்த ரிலீஸுக்கு ஒரு வாரம் முன்னதாகவே தேங்காய் உடைக்கப் பரிந்துரைக்கிறேன்."

அறை முழுக்கச் சிரிப்பு. நாச்சிமுத்து சார் மட்டும் சிரிக்கவில்லை, அவர் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருடமும் தான் சொன்னதை மூடநம்பிக்கை என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தீர்கள், இப்போது மிஷினே சொல்கிறது என்றார். சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது.

எல்லோரும் போன பிறகு நான் மட்டும் அறையில் இருந்து அதனோடு மல்லுக்கு நின்றேன்.

"பிழை நிக்கறதில்லைங்க. அதைச் சொல்ற வாய்தான் நிக்குது" என்றேன். இயந்திரத்திடமும் மரியாதையாகத்தான் பேச வந்தது, பழக்க தோஷம்.

"புரிகிறது. பதிவில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"பதிவுல ஒண்ணும் இருக்காது. பொட்டிக்குள்ள இருக்கும்."

"பெட்டிக்குள் இருப்பதை யாராவது சொன்னால்தான் எனக்குத் தெரியும்" என்றது. பிறகு, நாச்சிமுத்து சார் யோசிக்கும்போது இழுப்பாரே, அதேபோல ஒரு இழுப்பு இழுத்தது. "நான் உங்களிடமிருந்துதானே கற்றுக்கொள்கிறேன், தண்டபாணி சார். நீங்கள் சொல்வதிலிருந்து. சொல்லாமல் விடுவதிலிருந்தும்."

அறை விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த ரிலீஸுக்கு ஒரு வாரம் முன்னதாக உடைத்தோம். அந்த வாரம் ஒரு பிழையும் பதிவாகவில்லை. அடுத்ததற்கு ஒரு மாதம் முன்னதாக. ஆடியில் நல்ல காரியம் ஆகாது என்று ஒரு தடவை ஆனிக் கடைசியிலேயே உடைத்துவைத்தோம். கடைசியில், ஒரு வரிகூட எழுதுவதற்கு முன்னால், வேலை தொடங்கும் நாளிலேயே தேங்காய் உடைந்தது. பிழைகள் பூஜ்யம். வெளியிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். பெரிய சான்றிதழ் கிடைத்தது, எல்லோருக்கும் சால்வை போர்த்திப் படம் பிடித்தார்கள். அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன்.

ஆபீஸ் மெல்ல மெல்ல அமைதியாகிக்கொண்டே போனது. முன்பெல்லாம் டெஸ்டிங் பக்கம் ஒரே வாய்ச்சண்டையாக இருக்கும். இப்போது கீபோர்டு சத்தம் மட்டும்தான். வாத்தியாரின் குரல் நாளுக்கு நாள் நாச்சிமுத்து சாரின் குரல் போலவே ஆகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் ஆபீஸ் போனையும் அதுவே எடுக்க ஆரம்பித்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எங்களிடம் இருந்த டெஸ்டர்களிலேயே கெட்டிக்காரி ரெஜினா. எங்கே தப்பு ஒளிந்திருக்கிறது என்று மோப்பம் பிடிக்கிற மாதிரி கண்டுபிடிப்பாள். தேங்காய் உடைத்த பிறகு மட்டும் அவளும் மற்றவர்களைப் போல வாயைத் திறக்க மாட்டாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். ஒரு மத்தியானம் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"சார், எனக்கு இப்பெல்லாம் தப்பே கண்ணுல படறதில்லைங்க."

தப்பு குறைந்திருக்கும், நல்லதுதானே என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள். திரையில் சிவப்பாக ஏதோ வருவது தெரிகிறதாம், அதை அவள் பார்க்கவும் பார்க்கிறாளாம், அடுத்த நிமிஷம் பார்த்ததே நினைவில் இருப்பதில்லையாம்.

"முந்தி, சொல்ல வந்ததை முழுங்கிக்குவேன் சார். இப்ப முழுங்கறதுக்கே ஒண்ணும் வர்றதில்ல. பயமா இருக்குதுங்க."

நான் நாச்சிமுத்து சாரிடம் போய்ச் சொன்னேன். மாசமாக இருக்கிற பெண் கண்டதையும் நினைத்துக் கலங்கும், ஓய்வு கொடுங்கள் என்று உடனே உத்தரவு போட்டார். வீட்டுக்குப் பழக்கூடையும் அனுப்பிவைத்தார். அதே மாதம், பெட்டி கத்த வேண்டிய பகுதியை, அலாரத்தை, வாத்தியாரே எழுதட்டும் என்று முடிவாயிற்று. மனுஷர்களை விட அதற்கு நம் வேலை அத்துப்படி என்றார்கள்.

புது மென்பொருளோடு பெட்டிகள் ஆஸ்பத்திரிகளுக்குப் போயின. எங்கே இருந்தாலும் அவை இணையம் வழியாக வாத்தியாரோடு தொடர்பில் இருந்தன. முதல்முறை சுவிட்சைப் போட்டதும் திரையில் ஒரு கேள்வி வந்தது: 'தேங்காய் உடைத்தாயிற்றா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். சர்வீஸ் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் புது மிஷின் வந்தால் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைக்கிற வழக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆகவே ஆம் என்று தொட்டுவிட்டுப் போனார்கள்.

ஆம் என்றால் என்ன ஆகும் என்று வாத்தியாரிடம் கேட்டேன்.

"பெட்டி நல்லபடியாக நடந்துகொள்ளுமுங்க" என்றது.

அந்த 'ங்க' எனக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை உட்கார்ந்து முழுதாகப் பார்த்துவிடலாம் என்று இருந்தேன். அதற்குள், ஞாயிற்றுக்கிழமையே, ரெஜினாவுக்கு ஏழாம் மாதத்தில் பிரசவமாகிவிட்டது என்று போன் வந்தது. பெண் குழந்தை. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

மறுநாள் காலை நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பெனி ஆள் என்பதால் மேலங்கி, தொப்பி எல்லாம் மாட்டிவிட்டு உள்ளே விட்டார்கள். குறைமாதக் குழந்தைகள் வார்டில் எங்கள் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் குங்குமப் பொட்டு, அதற்குக் கீழே பச்சை விளக்கு. இப்படிப்பட்ட வார்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்காவது ஒரு பெட்டி கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், நர்ஸுகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். இங்கே ஒரு சத்தமும் இல்லை. எங்கள் ஆபீஸின் அமைதி எனக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

ரெஜினா தன் குழந்தையின் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கவாட்டுத் துளை வழியாகக் கையை உள்ளே விட்டுக் குழந்தையின் காலைப் பிடித்திருந்தாள். திரையில் '36.7. குழந்தை நலம்' என்று இருந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன், நன்றாக இருக்கிறேன் என்றாள். குழந்தையும் நன்றாக இருக்கிறாள் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே மெதுவாகக் கேட்டாள்.

"சார், அவ கால் ஜில்லுனு இருக்குதுங்க. எனக்கு மட்டும்தான் அப்படித் தோணுதா?"

கையைக் கழுவிக்கொண்டு வந்து உள்ளே விட்டேன். அந்தப் பாதம் பானைத் தண்ணீரைப் போலக் குளிர்ந்திருந்தது. குழந்தையின் வயிற்றில் ஒட்டியிருக்க வேண்டிய, சூட்டை அளக்கும் உணரி கழன்று மெத்தையில் கிடந்தது. இந்நேரம் பெட்டி ஊரைக் கூட்டியிருக்க வேண்டும். 36.7 என்றது திரை. குழந்தை நலம் என்றது.

நர்ஸ் கூப்பிடு தூரத்தில் நின்று மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை.

நம்புங்கள், இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லி உபதேசம் செய்தவன் நான். என் கண் தானாகப் பச்சை விளக்கைப் பார்த்தது. எல்லாம் சரியாகத்தான் இருக்கும், நாமாக எதையாவது சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். அப்படியும் வாய் அசையவில்லை.

"நான் சொல்லி ஏதாச்சும் ஆயிடுமாங்க சார்?" என்றாள் ரெஜினா. அவளும் பச்சை விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை ஒருமுறை வாயைத் திறந்து மூடியது. அழுகிற வாய்தான், ஆனால் அழுவதற்கும் அதற்குத் தெம்பில்லை.

ரெஜினா எழுந்தாள்.

"சிஸ்டர், இந்தப் பொட்டி பொய் சொல்லுது. என் புள்ள குளுந்துட்டு இருக்கா."

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் அமுதவல்லி வந்தார். எல்லோரையும் போல முதலில் விளக்கைத்தான் பார்த்தார். பிறகு ரெஜினாவின் முகத்தைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக் குழந்தையின் அக்குளில் வைத்தார். 34 காட்டியது. குழந்தையைத் தூக்கி ரெஜினாவின் வெறும் மார்பில் படுக்க வைத்து மேலே துணியைச் சுற்றினார். அசையாமல் உட்காருங்கள், இப்போதைக்கு உங்கள் உடம்புச் சூடுதான் அவளுக்கு மருந்து என்றார். தெர்மாமீட்டரோடு அடுத்த பெட்டிக்கு ஓடினார். அங்கேயும் பச்சை விளக்குக்குக் கீழே ஒரு குழந்தை குளிர்ந்துகொண்டிருந்தது. டாக்டர்கள் வந்தார்கள். ஒவ்வொரு குழந்தையாக அதனதன் தாயின் மார்புக்குப் போயிற்று.

நான் ரெஜினாவின் குழந்தை இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வெறும் மெத்தை. திரையில் '36.7. குழந்தை நலம்.'

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசியாக எப்போது நன்றாக இருந்ததோ அந்த எண்ணையே அது காட்டிக்கொண்டிருந்தது, அதை நம்பிச் சூடேற்றாமலும் இருந்துவிட்டது. எங்கள் வெள்ளிக்கிழமைப் பச்சை அது. வாத்தியாரிடம் ஒரு தப்பும் இல்லை, எங்களைப் பார்த்து அச்சு அசலாக எழுதியிருந்தது.

நாச்சிமுத்து சாருக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திரையில எல்லாம் பச்சையாத்தான் இருக்குதுங்க தண்டபாணி" என்றார்.

பெட்டி காலியாக இருக்கிறது என்றேன்.

ஒரு இழுப்பு. "குழந்தை நல்லா இருக்குதில்லைங்க? பொறவு என்ன. நல்லதே பேசுவோம்."

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். என்னோடு பேசியது நாச்சிமுத்து சாரா, வாத்தியாரா? எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை.

தாயின் சூடு மட்டும் இவ்வளவு சின்னக் குழந்தைக்கு ரொம்ப நேரம் தாங்காது என்று டாக்டர் சொன்னார். வேறு பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று நர்ஸிடம் கேட்டேன்.

"ஒண்ணு இருக்குதுங்க. ஆனா அது ரிப்பேரு. அஷ்டமி அன்னிக்கு வந்து எறங்குச்சு, பூஜை போடல. ஆன் பண்ணினா சும்மா கத்திட்டே கெடக்கும். கம்ப்ளெய்ன்ட் குடுத்து ஸ்டோர் ரூம்ல தள்ளிட்டோம்."

ஓடினேன். அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் தூசி படிந்து நின்றது. நெற்றியில் குங்குமம் இல்லை. தள்ளிக்கொண்டு வந்து, துடைத்து, சுவிட்சைப் போட்டோம். இதுவரை யாரும் பதில் தொடாத அந்தக் கேள்வி திரையில் வந்தது. இல்லை என்று தொட்டேன். குழந்தையை உள்ளே வைத்து உணரியை ஒட்டியதும் பெட்டி வார்டே அதிரும்படி கத்தியது. '34.3. குழந்தை குளிர்ந்திருக்கிறது.' ரெஜினா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், எனக்கும் அழுகை வந்தது. இத்தனை வருட உத்தியோகத்தில் உண்மையைச் சொல்கிற ஒன்றை அன்றுதான் பார்த்தேன்.

சூடு மெல்ல ஏறியது. 34.8. 35. 35.2. பெட்டி விடாமல் கத்திக்கொண்டே இருந்தது, ஒருவருக்கும் அது தொந்தரவாக இல்லை.

அப்போது வார்டு வாசலில் எங்கள் சர்வீஸ் ஆள் குப்புராஜ் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். தங்கமான மனுஷர், யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவர். கையில் ஒரு மஞ்சள் பை. நான் வெளியே போய் என்ன என்று கேட்டேன். ரெஜினாவும் பின்னால் வந்து நின்றாள்.

"வாத்தியார் அனுப்புச்சுங்க சார். கத்தற பொட்டி ஊர்லயே இது ஒண்ணுதான் பாக்கியாமா" என்று பையைத் திறந்து காட்டினார். தேங்காய், வெற்றிலை, கற்பூரம்.

ரெஜினா கையை நீட்டித் தேங்காயை எடுத்துக்கொண்டாள். "இங்க உடைக்க வேண்டாங்கண்ணா" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தே அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. சரிம்மா, உடைக்கலை என்றார். அவருக்கு அவள்மேல் பாசம் உண்டு.

அவர் சட்டைப்பையிலிருந்து போன் பேசியது. மெல்லிய, பழகிய குரல்.

"குப்புராஜ், தேங்காய் உடைத்தாயிற்றுங்களா?"

குப்புராஜ் எங்களைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த போனைப் பார்த்தார். எங்களோடும் சண்டை வேண்டாம், அந்தப் பக்கமும் மனம் கோண வேண்டாம். இத்தனை வருடமும் எங்கள் கம்பெனியில் எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். என் கை அவர் வாயை எட்டுவதற்குள் சொல்லிவிட்டார்.

"ஆச்சுங்க."

உள்ளே பெட்டி கத்துவதை நிறுத்தியது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. 36.7. குழந்தை நலம்.

ரெஜினா தேங்காயை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மேலங்கியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே பெட்டியின் கதவைத் திறந்தாள்.